மாஸ்த்ரோ வயலினை மூடிவைத்த மாதம்

போன வெள்ளிக்கிழமை, இங்கே இத்தாலியில், பல்லரோச் சந்தைக்குப் பக்கத்தில் எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்களின் கடையில் குங்கிலியம் வாங்கினேன். கடைக்காரத் தம்பி தங்கமான பிள்ளை, ஆனால் ஒரு பையை ஒழுங்காகக் கட்டத் தெரியாது. மீன்கடைகளைத் தாண்டி வீடு வந்து சேர்வதற்குள் பை பிரிந்து, கைப்பைக்குள் கட்டியும் தூளுமாகக் கொட்டிக்கிடந்தது. கதவுத் திறப்பு, பஸ் டிக்கெட், மூக்குக்கண்ணாடி எல்லாவற்றிலும் குங்கிலியம். தட்டித் துடைத்துக்கொண்டிருந்தபோது விரல்கள் மூக்கருகே வந்தன. குங்கிலியத்தை நெருப்பில் போடாமல் வெறும் கட்டியாக மணந்து பார்த்திருக்கிறீர்களா? அதில் கோயில் மணம் இராது. அப்போதுதான் வெட்டிய மரத்தின் மணம் இருக்கும். எனக்கு அது வயலின் மணம். கதிரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அடுப்பில் வைத்திருந்த சோறு அடிப்பிடித்தது.

வயலின் வாசிக்கிறவர்கள் வில்லில் கட்டிய குதிரை மயிரில் ஒரு பிசின் கட்டியைத் தேய்ப்பார்கள். தேய்க்காவிட்டால் வில் தந்தியில் வழுக்கும், சத்தம் வராது. இது இப்போது எனக்குத் தெரியும். கால்சா என்ற பழைய பகுதியில் ஒரு வயலின்காரர் வீட்டில் வீட்டுவேலைக்குச் சேர்ந்த புதிதில் தெரியாது. மேசையில் ஒரு பழந்துணிக்குள் மண்ணிறக் கட்டி ஒன்று ஒட்டிக்கிடந்தது. யாரோ சப்பித் துப்பிய இனிப்பு என்று நினைத்தேன். கெட்டிக்காரி என்று பெயர் எடுக்க வேண்டுமே, துணியோடு சேர்த்துக் குப்பையில் போட்டேன். வீட்டுக்கார அம்மா, நான் கூப்பிடுகிற பெயரில் சிஞோரா, குப்பை வாளியைக் கவிழ்த்து, முட்டைக் கோதுகளுக்கு நடுவிலிருந்து அதைத் தேடி எடுத்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தாலும் எனக்கு விளங்கியிராது. அந்நாளில் என் இத்தாலியன் காலை வணக்கத்தோடு முடிந்துவிடும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நானும் இவரும் பல்லரோவில் ஓர் ஒற்றை அறையில் இருந்தோம். இவர் என்றால் என் கணவர். பெயர் சொல்லி எழுத இன்னும் கை வரமாட்டேன் என்கிறது. ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு கடலுணவுக் கடையில் சாப்பாட்டுக் கோப்பை கழுவினார். எத்தனை முறை தோய்த்தாலும் சட்டையில் மீன் மணம் போகாது. பக்கத்து வீட்டுப் பூனைகளுக்கு என்னைவிட அவர் வருகிற நேரம் நன்றாகத் தெரியும். நான் காலையில் கால்சாவுக்கு நடந்தே போவேன். அங்கே பழைய மாளிகைகளுக்கு நடுவில் இடிந்த வீடுகள் சில கூரை இல்லாமல் நிற்கும், உள்ளே அத்திமரம் வளர்ந்திருக்கும். ஏதோ பூமியதிர்ச்சி என்று நினைத்திருந்தேன். ஐம்பது வருடத்துக்கு முன்பு நடந்த யுத்தத்தில் குண்டு விழுந்த வீடுகள் என்று பிறகு சொன்னார்கள். அதைக் கேட்ட நாளிலிருந்து அந்தத் தெருவில் வேகமாக நடக்கப் பழகினேன். யாழ்ப்பாணத்தில் எங்கள் வீடும் அப்போது அப்படித்தான் நின்றிருக்கும்.

கால்சா வீடு மூன்றாம் மாடி. அங்கே இரண்டே பேர். சிஞோராவின் கணவரை எல்லோரும் மாஸ்த்ரோ என்பார்கள். வாத்தியக்காரருக்கு இந்த நாட்டில் கொடுக்கிற மரியாதைப் பெயர் அது. வாழ்நாள் முழுவதும் ஓர் இசைக்குழுவில் பின்வரிசையில் இருந்து வயலின் வாசித்தவர். எழுபது கடந்திருந்தார். சிஞோரா பியானோ வாசிப்பார், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவந்தார். நகரத்தின் பெரிய அரங்கு அப்போது பல வருடமாகப் பூட்டிக்கிடந்தது. அதற்கு முன்னால் நடந்து போகும்போது மாஸ்த்ரோ தொப்பியைக் கழற்றுவாராம், செத்தவீட்டைக் கடந்து போகிறவர்போல. இதைச் சிஞோரா சிரித்துக்கொண்டே சொல்வார்.

வயலின் என்றால் ஊரில் கோயில் திருவிழாக் கச்சேரியில் பார்த்தது. மேடையில் சம்மணமிட்டு, வயலினின் தலையைக் காலில் ஊன்றி வாசிப்பார்கள். இங்கே இந்த மனுசன் காதுவலி வந்தவர் மாதிரிக் கழுத்தைச் சாய்த்து, நின்றபடியே வாசித்தார். காலை ஒன்பது மணிக்குப் பெட்டியைத் திறந்தால் மத்தியானம்வரை அது ஒன்றுதான். எப்போதும் ஒரே இசை. கொன்செர்த்தோ என்பார்கள், முன்னால் ஒரு வயலின் தனியாக நிற்கும், பின்னால் ஒரு பெரிய வாத்தியக் கூட்டம் அதற்குப் பதில் சொல்லும். அந்த வீட்டில் கூட்டத்துக்குப் பதிலாகச் சிஞோராவின் பியானோ. நான் அதை வேலைகளால் பழகினேன். கோபமாகத் தொடங்குகிற முதல் பகுதிக்குக் குசினிப் பாத்திரங்கள். மெதுவான நடுப்பகுதிக்கு நடை துடைப்பேன். துள்ளலான கடைசிப் பகுதி வந்தால் யன்னல்கள். நடுப்பகுதியில் மட்டும் துடைப்பம் தன்பாட்டில் நின்றுவிடும். ஏனென்று என்னைக் கேட்காதீர்கள், எனக்கு ராகமும் தெரியாது தாளமும் தெரியாது.

மாஸ்த்ரோவுக்கு மறதி நோய் தொடங்கியிருந்தது. முதலில் ஆட்களின் பெயர் போனது. பிறகு தெருவின் பெயர். ஒருநாள் காலைச் சாப்பாட்டுக்குப் பாண் வாங்கப் போனவரைத் துறைமுகத்தில் இருந்து கூட்டிவந்தார்கள். என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, அதனால் எனக்கு நட்டமில்லை. எப்போதும் "பிள்ளை" என்பதுதான். அதற்குள் எனக்கு மொழி ஓரளவு பிடிபட்டிருந்தது. அவர்கள் இத்தாலியனில் சொன்னதை நான் யாழ்ப்பாணத் தமிழிலேயே விளங்கி வைத்திருக்கிறேன், அதனால் அப்படியே எழுதுகிறேன், பிழையாக நினைக்க வேண்டாம். ஒருநாள் சிஞோரா குசினிக்கு வந்து கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்.

"டொக்டர் சொல்லுறார், பேர் ஊர் எல்லாம் முதலிலை போகுமாம். கை பழகினது கடைசியிலைதான் போகுமாம். நாளாந்தம் வாசிக்கட்டாம். விட்டால் திரும்பி வராதாம்."

ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு, தெருமுனைத் தேவாலயத்தின் பக்கத்து மண்டபத்தில் மாஸ்த்ரோ அந்தக் கொன்செர்த்தோவை வாசிப்பதாக ஏற்பாடு. பழைய சகபாடிகளும் அயலவர்களும் வருவார்கள். பின்வரிசையிலேயே வாழ்ந்த மனுசன் முதல் தடவையாக முன்னால் நிற்கப்போகிறார், அதுவே கடைசித் தடவையும். அதுவரைக்கும் தலைக்குள் இருப்பது கொட்டாமல் இருக்க வேண்டும். தளும்பத் தளும்பத் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடக்கிறவரைப் பார்க்கிற பதைப்பு எங்கள் எல்லோருக்கும் இருந்தது.

அந்த இசை பிறந்த கதையை ஒருநாள் அவரே சொன்னார். நான் மேசையில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தேன். அவரும் எதிரில் உட்கார்ந்து உரிக்கத் தொடங்கினார். கோதுகளைச் சட்டிக்குள்ளும் விதையைக் குப்பைக்குள்ளும் போட்டார். நான் பேசாமல் மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"இதை எழுதினவர் ஒரு ஜெர்மன்காரர். அருமையான வயலின்காரப் பெடியன் ஒருத்தன் வீட்டுக்கு வந்து போனவன். அவனுக்காக ரெண்டு கிழமையிலை எழுதி முடிச்சவர். தலைக்குள்ளை வருத்தம் தொடங்கியிருந்த நேரம்."

"என்ன வருத்தம்?"

"இல்லாத சத்தமெல்லாம் கேக்கிற வருத்தம். ஒருநாள் சாமத்திலை எழும்பி, தேவதையள் வந்து தனக்கொரு மெட்டுச் சொல்லித் தந்ததெண்டு எழுதி வைச்சாராம். பாத்தால், அது இந்தக் கொன்செர்த்தோவின்ரை நடுவிலை வாற மெட்டு மாதிரி. தான் எழுதினதையே மறந்துபோனார், பிள்ளை."

பத்து நாளைக்குள் அந்த ஜெர்மன்காரர் ஆற்றில் குதித்தாராம். படகுக்காரர்கள் தூக்கி எடுத்தார்கள். இரண்டு வருடம் மனநோய் விடுதியில் இருந்து அங்கேயே செத்துப்போனார். யாருக்காக எழுதினாரோ அந்த வயலின்காரர் இந்த இசையை எடுத்துப் பார்த்தார், செத்தவரின் மனைவியும் பார்த்தார். மனைவியும் பெரிய பியானோக்காரி. சுகமில்லாத மூளை எழுதியது வெளியே வந்தால் மனுசனின் பெயர் கெட்டுவிடும் என்று இருவருக்கும் பட்டது. பூட்டி வைத்துவிட்டார்கள். வயலின்காரரும் செத்து, அவர் பிள்ளைகள் காலமும் வந்தபிறகுதான் அது வெளியே வந்தது.

"நான் பிறக்கேக்கை இது பூட்டுக்குள்ளைதான் கிடந்தது," என்றார் மாஸ்த்ரோ. "நான் படிக்கிற காலத்திலை வாத்தியார் சொல்லுவார், அது விசரன்ரை இசை, அதைத் தொடாதை எண்டு. நான் ஒளிச்சு ஒளிச்சுப் பழகினன்."

சிஞோரா அடுப்படியில் நின்று எங்கள் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "மனிசன் எழுதினதை மனிசியே பூட்டுறதோ? நானெண்டால் செய்யமாட்டன். கல்லு மனசு வேணும் அதுக்கு."

மாஸ்த்ரோ ஒரு விதையைக் குப்பைக்குள் போட்டுவிட்டு, "கல்லு மனசில்லை. பாசம்," என்றார்.

ஈஸ்டருக்கு முந்திய அந்த மாசியில்தான் அப்பா செத்த செய்தி எனக்கு வந்தது. செய்தி வந்தது மாசியில், அப்பா செத்தது அதற்கு மூன்று மாதத்துக்கும் முன்பு. யுத்தம் வந்து எங்கள் சனம் முழுவதும் ஊரை விட்டு வெளிக்கிட்ட காலம். பாதைகள் பூட்டு, தொலைபேசி இல்லை. வீட்டாட்கள் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியாமல் நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். கொழும்பில் இருக்கும் மாமாவுக்குத் தெருத் தொலைபேசியில் எடுத்தபோது அவர்தான் சொன்னார். வன்னியில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் காய்ச்சலோடு கிடந்து செத்தாராம். அம்மாவும் தம்பியும் பக்கத்தில் இருந்தார்கள். அதற்குமேல் மாமாவுக்கும் தெரியவில்லை. அட்டையில் காசு முடிந்து தொலைபேசி நின்றுபோனது. நான் தெருவில் நின்று அழுதேன். மீன் வாங்க வந்த கிழவி ஒருத்தி என் கையில் ஒரு தோடம்பழத்தைத் திணித்துவிட்டுப் போனாள்.

அன்றைக்குப் பின்னேரம் நானும் இவரும் இருந்து துடக்குக் கணக்குப் பார்த்தோம். எங்கள் இருவருக்கும் சேர்த்து ஐம்பது வயது சொச்சம், நாங்கள்தான் அந்த வீட்டுக்குப் பெரியாட்கள். சாவுத் துடக்கு, அதாவது தீட்டு, முப்பத்தொரு நாள், அந்தியேட்டிக் கிரியையோடு கழியும். அது தெரியும். எந்த நாளில் இருந்து எண்ணுவது?

"கேட்ட நாளிலையிருந்துதான்," என்றார் இவர், ஐயர் மாதிரி.

கீழ் வீட்டில் மொரிசியஸ் அக்கா ஒருவர் இருந்தார். பாட்டன் காலத்திலேயே தமிழ்ப் பேச்சு போய்விட்ட குடும்பம், ஆனால் காவடி எடுக்கிற குடும்பம். அவரைக் கேட்டேன். தங்களுக்குப் பதினாறு நாள், பிந்திக் கேட்டால் எப்படி என்று தெரியாது என்று இத்தாலியனில் சொன்னார். இவர் அதை ஏற்கவில்லை. "அது மொரிசியஸ் கணக்கு. எங்களுக்கு முப்பத்தொண்டு." அப்படியே ஆனது. மீன் மச்சம் இல்லை, சாமி விளக்கு இல்லை, வானொலி இல்லை. துடக்கோடு பிறர் வீட்டுக்குள் போகலாமா என்று பயம் வந்தது. போகாவிட்டால் வேலை போய்விடும் என்ற பயம் அதைவிடப் பெரிது. போனேன்.

என் முகத்தைப் பார்த்ததும் சிஞோரா கையில் இருந்த கோப்பியை எனக்குத் தந்துவிட்டார். சொன்னேன். மாஸ்த்ரோ வயலினைக் கழுத்தில் இருந்து எடுத்தார்.

"உங்கடை ஊரிலை என்ன செய்வியள்?"

"மாதம் முடியிறவரைக்கும் பாட்டுச் சத்தம் வீட்டிலை கேக்கக்கூடாது," என்றேன். ஊர் வழக்கம் கேட்டார், சொன்னேன். அவ்வளவுதான் நினைத்தேன்.

அவர் வில்லைத் தளர்த்தினார். வயலினைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தார். "நீ பாதி நாள் இஞ்சைதானே இருக்கிறாய். இதுவும் உன்ரை வீடுதான். என்ரை அம்மா செத்தபோது வருசம் முழுக்கப் பியானோவைப் பூட்டி வைச்சவை. லூத்தோ எண்டால் லூத்தோதான்." துக்கம் காப்பதை இவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

எனக்கு டொக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. "வேண்டாம் மாஸ்த்ரோ, நீங்கள் வாசியுங்கோ," என்று சொல்லிவிட்டுச் சிஞோராவைப் பார்த்தேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, "பரவாயில்லை, ஒரு மாதம்தானே," என்றார். அலுமாரியில் இருந்து ஒரு கறுப்பு நாடாவை எடுத்து வந்து வயலின் பெட்டியின் கைபிடியில் கட்டினார், மாஸ்த்ரோ மறந்துபோய்த் திறந்துவிடாமல் இருக்க. எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது, உள்ளதைச் சொல்கிறேன். வன்னியில் அப்பாவுக்கு வீடும் இல்லை, முற்றமும் இல்லை, ஒழுங்காக ஒரு பறைமேளம் அடித்திருக்க மாட்டார்கள். உலகத்தில் ஒரு வீடாவது அவருக்காக வாய்மூடி இருக்கட்டும் என்று நினைத்தேன்.

மறுநாள் ஒன்பது மணிக்கு மாஸ்த்ரோ பெட்டியிடம் வந்தார். நாடாவைத் தொட்டுப் பார்த்தார்.

"ஆர் செத்தது?"

"எங்கடை பிள்ளையின்ரை தகப்பன்," என்றார் சிஞோரா.

அவர் முகம் மாறியது. சட்டையின் மேல் பொத்தானைப் பூட்டிக்கொண்டு என்னிடம் வந்து, ஈரக் கை என்று நான் இழுக்க இழுக்க, இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "எனக்கு இப்பதான் தெரியும், பிள்ளை. உன்ரை அப்பா என்ன வேலை செய்தவர்?"

"பஸ் ஓட்டினவர்."

அடுத்த நாளும் அப்படியே. அதற்கு அடுத்த நாளும். நாடா, கேள்வி, பொத்தான், கைகள். ஒவ்வொரு காலையும் என் அப்பா அவருக்குப் புதிதாகச் செத்தார். முதல் சில நாள் எனக்குப் பொறுக்க முடியவில்லை, குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டேன். பிறகு ஒன்று விளங்கியது. ஊரில் செத்தவீட்டுக்கு வருகிற எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். எப்படி நடந்தது, எத்தனை மணிக்கு, கடைசியாக என்ன சொன்னவர். சொல்லிச் சொல்லித்தான் துக்கம் இறங்கும். எங்கள் அறைக்கு யார் வந்தார்கள்? மொரிசியஸ் அக்கா ஒரு சட்டியில் பருப்பு கொண்டுவந்தார், அவ்வளவுதான். ஓர் ஊரே கூடிச் செய்கிற வேலையை மாஸ்த்ரோ தனியாளாகச் செய்தார்.

அவர் கேள்வி மாறாது, என் பதில் மாறும். தெருவில் ஆடு படுத்திருந்தால் ஹோர்ன் அடிக்காமல் இறங்கிப் போய்த் தட்டி எழுப்புவார் என்றேன். அம்மாவோடு கோபம் என்றால் எங்கள் ஒழுங்கைக்கு முன்னால் பஸ்ஸை நிறுத்தாமல் போவார், கோபம் ஆறினால் ஆள் ஏறாவிட்டாலும் நிறுத்துவார் என்றேன். பரீட்சைக்குப் பிந்திவிட்டேன் என்று என்னை ஏற்றிக்கொண்டு இரண்டு தரிப்பிடங்களில் நிற்காமல் ஓடி, மேலதிகாரியிடம் ஏச்சு வாங்கியதைச் சொன்னேன். இவருக்குக்கூட அதையெல்லாம் சொன்னதில்லை. மாஸ்த்ரோ தலையாட்டிக் கேட்பார், சில நாள் கண் கலங்கும். பிறகு யன்னலோரம் போய் இருப்பார். இடக்கை விரல்கள் கதிரைக் கையில் ஓடிக்கொண்டே இருக்கும். மாதம் போகப்போக அந்த விரல்கள் ஓய்ந்தன. அதை நானும் கண்டேன், சிஞோராவும் கண்டார். இருவரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை.

முப்பத்தோராம் நாள் முழுகிவிட்டு, அப்பாவுக்குப் பிடித்ததெல்லாம் சமைத்துப் படைத்தோம். வாழையிலைக்கு எங்கே போவது, வெள்ளைச் சாப்பாட்டுக் கோப்பையில் படைத்தோம். வடையும் பாயாசமும் கால்சாவுக்குக் கொண்டுபோனேன். சிஞோரா நாடாவை அவிழ்த்தார். மாஸ்த்ரோ பிசினை வில்லில் தேய்த்தார், அது மறக்கவில்லை. அறை முழுக்க அந்த மணம் வந்தது. எனக்கு வயிறு நிறைந்த மாதிரி இருந்தது.

சிஞோரா பியானோவில் நீளமான தொடக்கத்தை வாசித்தார். வயலின் நுழைய வேண்டிய இடம் எனக்கே தெரியும், வழக்கமாக அந்த இடத்தில்தான் வாளித் தண்ணீரை மாற்றுவேன். அந்த இடம் வந்தது, போனது. மாஸ்த்ரோ வயலினைக் கழுத்தில் வைத்தபடி மரியாதையாகக் காத்துக்கொண்டு நின்றார். சிஞோரா திரும்பவும் வாசித்தார். இம்முறை நுழைந்தார், நாலு வரி சரியாகப் போனது. பிறகு வேறெங்கோ போய், ஏதோ கலியாணவீட்டு நடனப் பாட்டு மாதிரி ஒன்றில் போய் நின்றது. அவர் சிரித்தார்.

சிஞோரா தாள்களைப் புரட்டி நடுப்பகுதியைத் தொடங்கினார். அது அவர் கையில் எப்படியும் இருக்கும் என்று நம்பியிருப்பார், நானும் நம்பினேன். மாஸ்த்ரோ வயலினை இறக்கிவிட்டார். தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"வடிவாய் இருக்குது," என்றார். "ஆர் எழுதினது?"

சிஞோரா அடுத்த தாளைப் புரட்டினார். வாசிப்பை நிறுத்தவில்லை.

"இதை ஏன் எனக்கு ஒருநாளும் வாசிக்கத் தரேல்லை?"

நான் பாயாசச் சட்டியைப் பிடித்தபடி கதவோரம் நின்றேன். அந்தப் பக்கம் முடியும்வரைக்கும் சிஞோரா வாசித்தார். பிறகு பியானோவை மூடினார். அடுத்து வந்த சில நாளும் முயன்றார்கள், நாலு வரி இரண்டானது. ஏற்பாடு செய்திருந்த ஞாயிற்றுக்கிழமை மண்டபம் திறக்கப்படவில்லை. மாஸ்த்ரோவுக்குத் தோள்மூட்டில் வலி, வாசிக்க முடியாது என்று சிஞோரா எல்லோருக்கும் சொன்னார். விசாரிக்க வந்தவர்களிடம் மாஸ்த்ரோவும் தோளைத் தடவிக் காட்டினார். வலிக்கிறதாகவே நம்பிவிட்டார், பாவம்.

வெயில் காலம் தொடங்கியபோது அம்மா கொழும்புக்கு வந்து சேர்ந்தார். தொலைபேசியில் அழுது முடித்து, பிறகு விசாரணை தொடங்கினார். நானும் பெருமையாகச் சொன்னேன், முப்பத்தொரு நாளும் ஒரு குறை இல்லாமல் காத்தேன், கேட்ட நாளில் இருந்து எண்ணினோம் என்று.

"உனக்கென்ன விசரே, பிள்ளை? அந்தியேட்டியெல்லாம் தம்பி அங்கை முடிச்சுப்போட்டான். அதோடை எல்லாருக்கும் துடக்குப் போச்சு. பிந்திக் கேட்டால் தலையிலை தண்ணியை ஊத்திப்போட்டு விளக்கைக் கொளுத்த வேண்டியதுதான். உனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையோ?"

"ஓம், ஒருத்தரும் சொல்லேல்லை," என்றேன். வேறென்ன சொல்ல. இவரிடம் சொன்னபோது, முகத்தை என் பக்கம் திருப்பாமல் சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

ஒரு முழுக்கோடு போக வேண்டியதற்கு அந்த மனுசனின் கடைசி மாதத்தை வாங்கிவிட்டேனே என்று அன்றிரவு முழுக்க எண்ணிக்கொண்டிருந்தேன். காலையில் சிஞோராவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் யன்னலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். காயப்போட்டு முடித்துவிட்டுத்தான் திரும்பினார்.

"அந்த மாதம் எனக்குத் தேவையாய் இருந்தது," என்றார். "அத்தனை சனத்துக்கு முன்னாலை அவர் தடுமாறி நிக்கிறதை என்னாலை பாக்கேலாது. ஒவ்வொரு நாளும் அந்தப் பயத்தோடைதான் பியானோவிலை இருந்தனான். நீ சொல்லியிராட்டி நான் வேறை சாட்டுத் தேடியிருப்பன்."

வெறும் துணிக் கூடையை நான் அவரிடமிருந்து வாங்கிக்கொண்டேன்.

"அந்த ஜெர்மன் மனிசியைப் பற்றி ஒருநாள் நான் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கோ?"

"ஓம்."

"அதை மறந்துபோடு."

மாஸ்த்ரோ அதற்குப் பிறகு இரண்டு குளிர்காலம் இருந்தார். கடைசியில் பிசின் தேய்ப்பதும் மறந்தது. சிஞோரா வீட்டைப் பூட்டிவிட்டுக் கத்தானியா நகரத்தில் தங்கையிடம் போனார், அங்கேயே முடிந்தார். அந்த மூன்றாம் மாடி இப்போது சுற்றுலா வருகிறவர்கள் தங்குகிற விடுதி. படிக்கட்டில் சக்கரம் வைத்த பெட்டிகள் ஏறி இறங்குகிற சத்தம் தெருவரைக்கும் கேட்கும். கூரையில்லாத வீடுகளைத் திருத்தி வெள்ளையடித்து, அத்திமரத்தை வெட்டிவிட்டார்கள். பெரிய அரங்கைத் திறந்துவிட்டார்கள், அதற்கு முன்னால் தொப்பி கழற்றுகிறவர் இல்லை. தெருத் தொலைபேசிகளைப் பிடுங்கிவிட்டார்கள். மொரிசியஸ் அக்கா எந்த நாட்டுக்குப் போனாரோ தெரியாது. அம்மாவும் போய்விட்டார். பூட்டிக்கிடந்த அந்தக் கொன்செர்த்தோவை இப்போது என் மகள் கைத்தொலைபேசியில் ஒரு நொடியில் எடுத்துத் தருகிறாள். ஒருவர் இல்லை, எத்தனையோ பேர் வாசிக்கிறார்கள், எல்லோரும் நுழைய வேண்டிய இடத்தில் நுழைகிறார்கள்.

இவருக்கும் பிள்ளைகளுக்கும் என் அப்பா செத்தது பழைய செய்தி. வருடத்தில் ஒருநாள் படத்துக்கு மாலை போடுவோம், பிள்ளைகள் கும்பிட்டுவிட்டு, எத்தனை மணிக்குச் சாப்பாடு என்று கேட்பார்கள். குறை சொல்லவில்லை, அவர்கள் காணாத மனுசன். ஆனால் உன் அப்பா என்ன வேலை செய்தவர் என்று, இன்றைக்குத்தான் கேள்விப்பட்டதுபோல, மேல் பொத்தானைப் பூட்டிக்கொண்டு வந்து என்னைக் கேட்க இப்போது ஒருவரும் இல்லை. நான் அந்த மாதம் சொல்லி முடிக்காத பதில்கள் இன்னும் சில மிச்சம் இருக்கின்றன.